நாற்பத்தொன்றாம் பகுதியின் நாற்காலி

காப்பீட்டு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் அந்த வருடம் மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை முதல் ஆறாவது ஆள் ஏறினாலே எடை கூடிவிட்டதென்று மணி அடித்தது. ஆறு பேருக்கான லிஃப்ட் அது. பழுது பார்க்க வந்த இருவர் கம்பிகளையும் கப்பிகளையும் சோதித்துவிட்டு, குறை ஒன்றுமில்லை, ஆறாவது ஆள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் லிஃப்ட்காரரின் முக்காலிக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, அதில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாற்பத்தொன்றாம் பகுதியிலிருந்து வந்தவர் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏழு மாடியிலும் வேலை பார்த்தவர்கள் முதல் வாரம் படியேறிப் போனார்கள். இரண்டாவது வாரம் முழங்கால் வலி தாங்காமல் லிஃப்டுக்கே திரும்பினார்கள்.

அந்தத் தொடர் வேறு நாட்டில் எடுக்கப்பட்டு, நம் மொழிக் குரல்களோடு ஒளிபரப்பானது. அறுபத்திரண்டு பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தொன்றாம் பகுதியில் ஒரே ஒரு பெண். விண்வெளியின் ஓர் ஓரத்தில், செய்திகளை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் சின்ன நிலையமொன்றில் தனியாக வேலை பார்க்கிறாள். செய்திகள் வருவது நின்றுபோகிறது. சுவரில் கோடு போட்டு நாட்களை எண்ணுகிறாள், கரண்டியோடு பேசுகிறாள், தன் குரலையே பதிவு செய்து அதற்குப் பதில் சொல்கிறாள். நானூறாவது நாள் எதிர் நாற்காலியில் சாம்பல் கோட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அப்படி ஒருவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசுகிறாள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பகுதி முழுக்க அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." முடிவில் மீட்க வந்த கப்பலில் அவள் ஏறிப் போய்விடுகிறாள். காலி அறை, காலி நாற்காலி. நாற்காலியின் மெத்தையில் ஒரு குழி. பதினொரு விநாடி அந்தக் குழியைக் காட்டிவிட்டுத் திரை இருண்டுவிடும்.

அந்தப் பதினொரு விநாடியைப் பற்றி அந்தத் தொடரின் ரசிகர்கள் ஒன்பது பேர் பன்னிரண்டு வருடங்கள் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடுவார்கள். கடைக்காரர்தான் தலைவர். நோட்டும் அவரிடம்தான் இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவர் சொன்ன கருத்து, எந்தக் காட்சியில் எந்தத் தவறு, எந்தக் கோப்பை வலது கையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இடது கைக்குப் போனது, எல்லாம் தேதியோடு அதில் இருந்தன. அறுபத்திரண்டு பகுதிகளையும் பார்த்து முடித்தவர்தான் உறுப்பினர். உறுப்பினர் சொல்வதுதான் நோட்டில் ஏறும். இந்த விதியை அவரே எழுதினார், அவரே காப்பாற்றினார்.

நாற்காலிக் குழி விஷயத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இல்லாத ஆளுக்கு எடை ஏது, குழி விழுந்திருப்பதால் கோட்டுக்காரர் உண்மையாகவே வந்திருக்கிறார் என்றது குழிக் கட்சி. அதற்குக் கண்ணாடிக் கடைக்காரர் தலைமை. பழைய நுரைமெத்தை அப்படித்தான் இருக்கும், அதற்கு யாரும் வர வேண்டியதில்லை என்றது நுரைக் கட்சி. அதன் தலைவி பக்கத்துத் தெருவில் மெத்தை தைக்கிறவர், எல்லோருக்கும் அக்கா. "நுரையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா தம்பி? நீ கண்ணாடியைத் தேய், போ" என்று அவர் ஆரம்பித்தால் அன்றைய கூட்டம் ஆறு மணிக்கு முடியாது.

கடைக்காரரின் மனைவி உறுப்பினர் இல்லை. தேநீர் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி வேலை மேசையில் உட்கார்ந்து ஃபிரேம்களுக்குத் திருகு பூட்டுவாள். கணவர் லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்துக் கொடுப்பார், அவள் பொருத்தி முடிப்பாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். தொடரில் மூன்று பகுதிகளை வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள், அவற்றில் நாற்பத்தொன்று ஒன்று. ஏழாவது வருடத்தில் ஒருநாள், சண்டை உச்சத்தில் இருந்தபோது, அவள் திரும்பாமலேயே சொன்னாள்: "அவளுக்கு முன்னாடி அந்த வேலையில யாராவது இருந்திருப்பாங்கல்ல? வருஷக்கணக்கா உட்கார்ந்தாதான் அப்படிக் குழி விழும். அது அவங்களோடது." அறையில் ஒருவர் இருமினார். கடைக்காரர் பேனாவை மூடி, உறுப்பினர் அல்லாதவர் கருத்து, பதிவு கிடையாது என்றார். திருகாணி ஒன்று கீழே விழுந்தது, அதைத் தேடி எடுத்தாள்.

லிஃப்ட்காரர் ஒன்பது பேரில் கடைசியாகச் சேர்ந்தவர். லிஃப்டில் பொத்தானை யாரும் தாங்களே அமுக்கிக்கொள்ளலாம்; ஆனாலும் அவரை அனுப்பிவிட அலுவலகத்துக்குத் தோன்றவில்லை. பதினோரு வருடங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார். ஏறுகிறவர்கள் அவரிடம் சொன்னதெல்லாம் நாலு, ஆறு, கீழே என்பவைதான். வீட்டில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போக வேண்டுமே என்று கண்ணாடிக் கடைக்கு வந்தார். விதிப்படி அறுபத்திரண்டையும் பார்த்தார், பாதியைத் தூங்கிக்கொண்டே. நாற்பத்தொன்றாம் பகுதியில் கோட்டுக்காரர் வருவதற்கு முன்பே குறட்டை விட்டவர் அவர். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே "கருத்து இல்லை" என்று இருக்கிறது.

கோட்டுக்காரர் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நடுவில் உட்கார வைத்து விசாரித்தார்கள். "எப்படிங்க வந்தார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாலாவது மாடியில கதவு திறந்துச்சு. யாரும் ஏறல. மூடுச்சு. பார்த்தா உட்கார்ந்திருக்கார்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"எந்த மாடின்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அவசரமில்லைன்னார்."

மெத்தை அக்கா நாணயமான மனுஷி. ஆறாவது ஆளுக்கே மணி அடிக்கிறது என்றால் அவருக்கு எடை இருக்கிறது, எடை இருந்தால் குழி விழும், நுரைக் கட்சியை இன்றோடு கலைக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். பன்னிரண்டு வருட வழக்கில் கண்ணாடிக் கடைக்காரர் ஜெயித்துவிட்டார். கைதட்டினார்கள். அக்கா உட்காரும்போது குனிந்து அவர் காதருகே, "ஜெயிச்சு என்ன தம்பி, வந்தவர் உன்னையா தேடி வந்தார்? தூங்கினவரைல்ல தேடி வந்திருக்கார்" என்றார்.

பொறாமை நெருப்பு மாதிரி என்று எழுதுகிறார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அது லென்ஸில் விழுந்த மயிரிழைக் கீறல் மாதிரி இருந்தது. எதிரே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. போட்டிருப்பவருக்கு எதைப் பார்த்தாலும் நடுவில் அதுவும் இருக்கும். நாற்பத்தொன்றாம் பகுதியை அவர் நூற்றுப் பதினாறு முறை பார்த்திருந்தார். கோட்டுக்காரர் எத்தனை முறை கண் சிமிட்டுகிறார் என்பதுகூட நோட்டில் இருந்தது. ஒருவர் உலகத்தில் இல்லாமல் இருந்தபோதே அவருக்காகப் பன்னிரண்டு வருடம் வாதாடியவன் நான், இருக்கிறேன் என்று வந்தபோது அவர் போய் உட்கார்ந்தது ஒரு குறட்டைக்கு எதிரே. இப்படி ஓடியது அவர் யோசனை. சாப்பிடும்போது ஓடியது. சக்கரத்தின் மீது தண்ணீர் சொட்டும்போதும் ஓடியது.

அடுத்த நாளே நோட்டோடு போய் லிஃப்டில் ஏறினார். தரைக்கும் ஏழுக்கும் நடுவே இருபது முறை போய் வந்தார். நாற்பத்தொரு கேள்விகள் வைத்திருந்தார். கோட்டுக்காரர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். உதடு முதலில் அசைந்தது, குரல் அரை விநாடி கழித்து வந்தது, தொடரில் இருந்த மாதிரியே. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். மூன்றாவது காட்சியில் இல்லாத இரண்டாவது பொத்தான் ஐந்தாவது காட்சியில் எப்படி வந்தது என்று கேட்டபோது மட்டும் அவர் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். பிறகு அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து கடைக்காரர் உள்ளே வந்தாலே அவர் கை நெஞ்சுக்குப் போய்விடும். "தலைவரே, மனுஷன் சங்கடப்படுறார். வேற ஏதாவது பேசுங்களேன்" என்றார் லிஃப்ட்காரர். அப்படிச் சொல்லிவிட்டுக் கோட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கோட்டுக்காரரும் சிரித்தார். தொடரில் அவர் சிரித்ததே இல்லை. நூற்றுப் பதினாறு முறை பார்த்தவருக்குத் தெரியாத அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு கடைக்காரர் எந்த மாடி என்று தெரியாமல் இறங்கிப் போனார்.

ஜூன் மாதத்தில் ஐந்தாவது மாடி மேலாளரின் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வர மனைவியை அனுப்பினார். பத்து நிமிட வேலை. இரண்டரை மணி நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது.

"எங்க போயிருந்தே?"

"லிஃப்டுல இருந்தேன். பேசிட்டு இருந்தேன்."

"யார்கிட்ட? அவர்கிட்டயா? என்ன பேசினே?"

"பெருசா ஒண்ணுமில்ல. நீங்க கேட்காததை."

"நான் எதைக் கேட்கல?"

அவள் யோசித்துவிட்டு, "இப்பதான் முதல்தடவை கேட்கிறீங்க" என்று சொல்லித் திருகாணி டப்பாவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவள் காப்பீட்டுக் கட்டடத்துக்குப் போய்வந்தாள். மறைக்கவுமில்லை, சொல்லவுமில்லை. கோட்டுக்காரர் அவள் ஏறியதும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகாமல் முன்னால் சாய்ந்து உட்காருவதாக லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை கள்ளமில்லாமல் சொன்னார். கடைக்காரருக்கு இப்போது தன் பொறாமை யார் மேல் என்பதே பிடிபடவில்லை. மூன்று பகுதி மட்டும் பார்த்த மனைவிக்கு அவர் காது கொடுக்கிறாரே என்று அவள் மேல் பொறாமைப்படுவதா, பத்தொன்பது வருடத்தில் தன்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்கிறாளே என்று அவர் மேல் பொறாமைப்படுவதா? இரண்டையும் பட்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கோட்டுக்காரர் ரசிகனைத் தேடி வரவில்லை, தனிமையைத் தேடி வந்திருக்கிறார். லிஃப்ட்காரரிடம் அது இருந்தது, தன்னிடம் இல்லை, அதற்குக் காரணம் எதிரே உட்கார்ந்து திருகு பூட்டிக்கொண்டிருக்கிறது. கணக்கு அவருக்குச் சுத்தமாகப் பட்டது. மனைவியிடம் அவளுடைய தங்கை வீட்டில் போய் இருக்கச் சொன்னார்.

"எத்தனை நாளைக்கு?"

"நானூறு."

அவள் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தாள். "ஒரு நாற்காலியில ஆள் வரணும்னு, உட்கார்ந்திருக்கிற ஆளை எழுப்புறீங்க."

"உனக்குத்தான் ஏற்கெனவே அவர் பழக்கமாச்சே" என்றார் கடைக்காரர். இதைச் சொல்ல வேண்டாமென்று காலையிலிருந்து நினைத்திருந்தார்.

அவள் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு பையோடு புறப்பட்டாள். வாசலில் நின்று, "சக்கரத்து மோட்டார் பெல்ட் தேஞ்சிருக்கு. மாத்துங்க" என்றாள். தங்கை வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. அவள் மூலை திரும்பும்வரை அவர் கதவைச் சாத்தவில்லை, ஆனால் கூப்பிடவுமில்லை.

சன்னல்களுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டினார். கதவில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டினார். மருத்துவர் சீட்டையும் ஃபிரேமையும் அதில் போட்டால் நாலாம் நாள் கண்ணாடி அதே வழியாக வெளியே வரும். சாமான் பையைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போக ஏற்பாடு. தொடரில் இருந்தது போலவே ஒரு நாற்காலி வாங்கி, அதற்கு மெத்தை தைத்துத் தரும்படி அக்காவிடம் கேட்டார். அக்கா தைத்தார். "புது நுரை. எழுந்திரிச்ச உடனே எழும்பிடும். குழி வேணும்னா அதுல ஒரு இருபது வருஷம் யாரையாவது உட்கார வை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் நின்றன. சுவரில் முதல் கோடு விழுந்தது.

முதல் மாதம் அமைதி பிடித்திருந்தது. இரண்டாவது மாதம் அமைதிக்குள்ளேயே பல வகை இருப்பதைக் கண்டார்: சக்கரம் நின்றவுடன் வருவது, மழை விட்டதும் வருவது, பதில் வராதென்று தெரிந்தும் ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்ட பிறகு வருவது. தொண்ணூறாம் நாள் தும்மியபோது தன் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. திறப்பின் வழியாக மெத்தை அக்கா வாரம் ஒருமுறை கூப்பிடுவார். "தம்பி, உயிரோட இருக்கியா? இருந்தா எதையாவது தட்டு." அவர் ஃபிரேமால் மேசையைத் தட்டுவார். பதில் பேசினால்தான் பேச்சு, காதில் விழுவது சேராது என்று தனக்கொரு விதி வைத்திருந்தார். "உன் வீட்டுக்காரியை லிஃப்டுல பார்த்தேன். கோட்டுக்காரர் தன் நாற்காலியைக் குடுத்துட்டு நிக்கிறார்ப்பா. நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கேன், எனக்கு ஒருநாள் எழுந்திருக்கல" என்று அக்கா சொல்லிவிட்டுப் போவார். அன்று தேய்த்த லென்ஸ்கள் எல்லாம் அளவு தப்பும்.

இருநூற்று முப்பத்தொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. சக்கரத்தில் இருக்கும் லென்ஸைப் பாதியில் எடுத்தால் விளிம்பு சிதறிவிடும். முழுச் சுற்றையும் முடித்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, வைத்துவிட்டுத்தான் திரும்பினார். நாற்காலியில் அவர் மனைவி பச்சை ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வந்தே? இன்னும் நூத்தி அறுபத்தொம்பது நாள் இருக்கு. எல்லாம் போச்சு!" என்று கத்தினார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். முன்கதவு உள்தாழ்ப்பாளோடு இருந்தது, பின்கதவும். மெத்தை அவள் எடைக்கு அமுங்கியிருந்தது. கடைக்காரருக்கு விளங்கியது. முதலில் வந்தது பயமல்ல, வயிற்றெரிச்சல். ஒரு லிஃப்ட்காரருக்கு விண்வெளியிலிருந்து ஆள் வருகிறது. தனக்கு வந்ததோ ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

இரண்டு நாள் அவளுக்கு முதுகைக் காட்டி வேலை செய்தார். மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தார். முதல் பகுதியிலிருந்து தொடங்கினார். அவள் கேட்டாள். கொட்டாவி விடவில்லை, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகவில்லை, இதைப் போன வியாழக்கிழமையே சொன்னீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அறுபத்திரண்டு பகுதிகளையும் சொல்லி முடித்தார். முடித்த அன்று, சட்டென்று தோன்றி, "சரி, அந்தக் குழி யாருதுன்னு நினைக்கிறே?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றதுதான் சரி" என்றாள் அவள்.

பத்தொன்பது வருடத்தில் அந்த வாக்கியத்தை அந்த வாயிலிருந்து கடைக்காரர் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று ஏங்கியிருக்கிறார். இப்போது கேட்டதும், யாருமே இல்லாத அறையில் பேசிக்கொண்டிருந்ததாகப் பட்டது. சுவரில் கோடு போடும் கை தயங்கியது. ஆனால் நிறுத்தினால் லிஃப்ட்காரர் ஜெயித்துவிடுவார் என்று போட்டுக்கொண்டே வந்தார்.

முந்நூற்றுப் பதினெட்டாம் நாள் மெத்தை அக்கா திறப்பின் வழியாக முதல்முறையாகக் குனிந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே நான்கு தெரு தள்ளித் தங்கை வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் கதவு இடிபட்டது. கடைக்காரர் திறந்தார். பையோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு அவ?"

"நீதான்" என்றார்.

"நான் இங்க நிக்கிறேன்."

"அது தெரியுது."

"எத்தனை நாளா இருக்கா?"

"எண்பத்தேழு நாளா."

"எண்பத்தேழு நாள்!" என்று திரும்பச் சொன்னாள் அவள். "எனக்குப் பதிலா என்னையே வெச்சிருக்கீங்க." பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், கடையில் சாமான் வாங்க வந்தவளைப் போல. உட்கார்ந்திருந்தவள் கண்ணைக்கூடத் திருப்பவில்லை, கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் மனைவிக்கு அதிகம் சுட்டது. தான் ஒருநாளும் அப்படி அவரைப் பார்த்ததில்லை என்பது அவளுக்கே தெரியும். தன் முகத்தால் அப்படிப் பார்க்க முடியும் என்பதும் இப்போது தெரிந்தது.

குனிந்து இடது காதின் பின்புறத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "நோட்டை எடுங்க."

"எதுக்கு?"

"தப்பு கண்டுபிடிச்சு எழுதுவீங்கல்ல. எழுதுங்க. ஒண்ணு: காதுக்குப் பின்னாடி மச்சம் எங்க?"

அவர் நோட்டை எடுத்தார். உறுப்பினர் அல்லாதவர் என்பது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டு எழுதினார். மச்சம் என்று அவர் எழுதி முடித்ததும் உட்கார்ந்திருந்தவளின் காதுக்குப் பின்னால் மச்சம் வந்தது. அறுபத்திரண்டு பகுதிகளில் நானூற்றுச் சொச்சம் தவறுகளைப் பிடித்தவர், அந்த மச்சம் அங்கே இருப்பதை அன்றுதான் அறிந்தார். இரண்டு, சக்கரத்தில் வெட்டுப்பட்ட கட்டைவிரல் தழும்பு. அது வந்தது. மூன்று, வகிடு எடுப்பது எந்தப் பக்கம். மயிர் தானாகப் பிரிந்து மாறியது. நான்கு, ஓரம் உடைந்த முன்பல். ஐந்து, "ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு நான் சும்மா உட்கார்ந்து என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?" உட்கார்ந்திருந்தவளின் கை மேசைக்கு நீண்டு ஒரு ஃபிரேமை எடுத்தது. ஆறு, பச்சை ஸ்வெட்டரைப் பிரித்துத் தங்கை மகளுக்குப் பின்னிக் கொடுத்து ஒரு மாதம் ஆயிற்று. நாற்காலியில் ஸ்வெட்டர் வரிவரியாகப் பிரிந்து, ஒரு நூல்கூடத் தரையில் விழாமல் மறைந்து, உள்ளிருந்த பழுப்புச் சட்டை தெரிந்தது. ஏழு, "நீங்க சொல்றதுதான் சரின்னு நான் சொல்ல மாட்டேன்."

"அவ சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. எழுதுங்க."

ஏழாவதையும் எழுதி முடித்தார். உட்கார்ந்திருந்தவள் முதல்முறையாக அவரிடமிருந்து கண்ணை எடுத்து மோட்டாரைப் பார்த்தாள். "பெல்ட்டை மாத்தினீங்களா?" என்றாள். அதே குரல், அதே சலிப்பு. இருவரையும் அடுத்தடுத்து நிற்க வைத்தால் யார் யாரென்று சொல்ல முடியாது.

மனைவியின் கை அவர் பேனாவின் மேல் விழுந்தது. கை குளிர்ந்திருந்தது. "போதும்" என்றாள். "நிறுத்துங்க."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"மிச்சம் எனக்கு" என்றாள். கடைக்காரர் பேனாவை மூடினார். முந்நூற்றுப் பதினெட்டாம் கோடுதான் அந்தச் சுவரின் கடைசிக் கோடு.

நாற்காலியில் இருந்தவள் போகவில்லை. போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தவிர, பெரிய அலுவலகங்கள் மொத்தமாகக் கண்ணாடி செய்யக் கொடுக்கும் மாதம் அது. இரண்டு ஜோடிக் கைகள் உதவின. சன்னல் காகிதம் உரிக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஃபிரேமை யாரிடம் கொடுப்பதென்று முதலில் திகைத்தார்கள். குறை சொன்னால் எதிர்த்துப் பேசுகிறவள் மனைவி, பெல்ட்டைப் பற்றி மட்டும் பேசுகிறவள் மற்றவள் என்று பிறகு பழகிக்கொண்டார்கள். பெல்ட்டை மாற்றிய பிறகும் அவள் அதை விடவில்லை.

கூட்டங்கள் மறுபடி தொடங்கின. லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுக்காரரையும் அழைத்துவந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அவரை அனுப்பும் வழி தெரியாமல், லிஃப்டின் பலகையில் ஆறு பேர் என்பதை அழித்து ஐந்து பேர் என்று எழுதிவிட்டார்கள். பின்னறையில் கோட்டுக்காரரும் நாற்காலிக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை. ஒரே மாதிரி வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் என்றார் மெத்தை அக்கா.

முதல் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது கடைக்காரர் பழக்கதோஷத்தில் இருக்கைகளைப் பார்த்தார். கோட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடம் எழும்பிவிட்டது. புது நாற்காலியின் நுரை, அக்கா சொன்னபடி, எழுந்த உடனே எழும்பிவிட்டது. வேலை மேசைக்கு முன்னால், மனைவி எழுந்து போன பழைய மெத்தையில் ஒரு குழி இருந்தது. பதினொரு விநாடி பார்த்தார். கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். அது எழும்பவில்லை. எழும்புகிற காலமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. நோட்டைத் திறந்து, நாற்பத்தொன்றாம் பகுதியின் பக்கத்தில், ஆறேழு வருடத்துக்கு முன் பேனாவை மூடிய இடத்தைத் தேடிப் பிடித்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அவளிடம் காட்டினார். கையெழுத்து நல்லாவே இல்லை என்றாள். உறுப்பினராகிறாயா என்றதற்கு, அறுபத்திரண்டையும் உட்கார்ந்து பார்க்கத் தனக்கு நேரமில்லை என்றாள்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவள் இன்றும் லிஃப்டுக்குப் போய்வருகிறாள். அந்த நேரத்தில் கடைக்காரர் தேய்க்கும் லென்ஸ்கள் இன்றும் சிலசமயம் அளவு தப்புகின்றன. எதிரே உட்கார்ந்து திருகு பூட்டுகிற நாற்காலிக்காரியிடம் அவர் அதைச் சொல்வதில்லை. மனைவி வரும்வரை காத்திருந்து, அவள் தன் குழியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்த பிறகு, அன்றைக்கும் கேட்கிறார்: "அந்த மிச்சம் என்ன?"

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள் அவள். அந்த வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவுடன் அந்தக் கீறல் ஒருமுறை மின்னும். பிறகு பார்ப்பார்: அவள் உதடும் குரலும் ஒன்றாகவே வந்திருக்கும். அடுத்த லென்ஸை எடுப்பார்.